காகாவை நினைக்கும்போது

2025-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. குஜராத் மாநிலம் ஆனந்த் நகரில் 1979 முதல் நடந்துவந்த கிராம நிர்வாகக் கல்வி நிலையம் அச்சட்டத்தால் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாயிற்று; அதற்குத் ‘திரிபுவன்’ என்று பெயரும் சூட்டப்பட்டது. யார் இந்தத் திரிபுவன் என்று சங்க அன்பர்கள் சிலர் நம்மை வினவினர். அமுல் என்ற பெயரை அறியாத வீடு இல்லை. வர்கீஸ் குரியனின் பெயரையும் பலர் அறிவர். அந்தக் குரியனை ஆனந்தில் இருத்திவைத்த பெரியவரின் பெயர் மட்டும் நம் பக்கத்தில் வழங்காமற் போயிற்று. அது ஒரு குறையே என்பது நம் அபிப்பிராயம்.

திரிபுவன்தாஸ் கிஷிபாய் படேல் 1903-இல் ஆனந்தில் பிறந்தவர். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு நாசிக் சிறை சென்றார். கேடா ஜில்லாவின் குடியானவர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘காகா’ என்றே அழைத்தார்கள். காகா என்றால் சிற்றப்பா. தந்தை என்னாமல் சிற்றப்பா என்றதில் ஒரு நயம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. தந்தைக்கு வீட்டின்மேல் உரிமை உண்டு. நல்ல சிற்றப்பாவோ உரிமை கொண்டாடாமல் அண்ணன் பிள்ளைகளை ஆளாக்குகிறவர். (பாகப்பிரிவினையின்போது சில சிற்றப்பாமார் படுத்தும் பாடு வேறு விஷயம்.)

அவர் செய்த காரியம் என்ன? 1945-இல் பம்பாய் நகருக்குப் பால் அனுப்பும் ஒப்பந்தம் போல்சன் என்னும் தனியார் கம்பெனிக்குக் கிடைத்தது. கம்பெனிக்கு ஆதாயம், தரகருக்கு அவர் பங்கு, எருமை வளர்த்தவருக்கு எஞ்சியது. மாஸ்டர் வீவரிடம் நூல் வாங்கி, அவர் வைத்ததே கூலி என்று நெய்தவர்களுக்கு இந்த நிலைமையை நாம் விளக்க வேண்டுவதில்லை. குடியானவர்கள் சர்தார் வல்லபாய் படேலிடம் முறையிட்டனர். கம்பெனிக்குப் பால் ஊற்றாதீர்கள், சொந்தச் சங்கம் அமையுங்கள் என்றார் அவர். 1946 ஜனவரி 4-ஆம் தேதி மொரார்ஜி தேசாய் முன்னிலையில் சமர்க்கா கிராமத்தில் கூட்டம் நடந்தது. பின்னர் 15 நாட்கள் பால் விற்பனையே நின்றது. இறுதியில் அரசாங்கம் இணங்கிற்று. அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் தேதி கேடா ஜில்லாப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு யூனியன் பதிவாயிற்று. அதன் தலைவர் திரிபுவன்தாஸ்.

பதிவுப் பத்திரம் வந்தால் சங்கம் வந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. கூட்டுறவுத் துறையில் சிறிது காலம் வேலை பார்த்தவர் எவரும் அப்படி எண்ணமாட்டார். காகா கிராமம் கிராமமாகச் சென்றார். பாலைக் கண்முன் அளப்பது, கொழுப்புச் சத்தைச் சோதித்து அதற்கேற்ற விலை தருவது, காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையிலேயே பணம் கொடுப்பது என்ற முறைகள் வேரூன்றின. எந்தச் சாதியாரானாலும் பாத்திரத்தோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். 1948-இல் பம்பாய்க்குப் பால் அனுப்பத் தொடங்கியபோது இருந்தவை இரண்டே கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சேர்ந்த பால் ஏறக்குறைய 250 லிட்டர். இன்றைய பெருக்கத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் அந்த 250 லிட்டரைக் காப்பாற்ற ஒரு மனிதர் நடந்த நடையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1949 மே மாதத்தில் குரியன் என்னும் இளம் பொறியாளர் அரசாங்க உத்தியோகமாக ஆனந்துக்கு வந்தார். ஊர் பிடிக்கவில்லை, எப்போது விடுதலை என்று காத்திருந்தார். விடுதலை கிடைத்து மூட்டை கட்டிய வேளையில், யூனியனின் இயந்திரங்களைச் சரிசெய்து தந்துவிட்டுப் போகலாமே என்று காகா கேட்டுக்கொண்டார். குரியன் பிறகு போகவே இல்லை. மொழி வேறு, மதம் வேறு, உணவு வேறு. இருந்தும் அந்த இளைஞரிடம் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டு, தலைவர் தம் கையை எடுத்துக்கொண்டார். மக்களின் நம்பிக்கையைக் காப்பது தம் பொறுப்பு, ஆலையை நடத்துவது அவர் பொறுப்பு என்று வகுத்துக்கொண்டார். 1963-இல் மக்சேசே விருது வந்தபோது, தாரா குரோடியோடு சேர்த்து இவ்விருவருக்கும் வந்தது. 1964-இல் பத்மபூஷண் கிடைத்தது. விருதுகளைப் பற்றி இவ்வளவு போதும்.

நம்மை மிகவும் ஈர்ப்பது அவர் பதவியை விட்ட விதம். ஏறக்குறைய 25 ஆண்டுகள் தலைமை வகித்த பிறகு, 1970-களின் தொடக்கத்தில் தாமாகவே விலகினார். எவரும் அவரைத் தோற்கடிக்கவில்லை. சூப்பர்சீட் செய்யவும் இல்லை. அங்கத்தினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாயாகத் திரட்டிப் பணமுடிப்பு அளித்தார்கள். எருமைக்கு நோய் என்றால் யூனியனின் வைத்தியர் வண்டியில் வருவார்; அந்த எருமையைக் கறக்கிற பெண்ணுக்குப் பிரசவ வேதனை என்றால் வர ஆள் இல்லை. பணமுடிப்பைக் காகா தம் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் சுகாதார உதவி செய்ய 1975-இல் ஓர் அறநிலையம் அதிலிருந்து பிறந்தது. அது வளர்ந்தபோது அதன் தலைமையையும் குரியனிடம் கொடுத்துவிட்டார். 1994-இல் காலமானார்.

இதை இங்கே விரித்து எழுதக் காரணம் உண்டு. நம் சங்கங்கள் பலவற்றிலும் ‘பெரியவர்’ ஒருவர் இருக்கிறார். தறிகளைப் பட்டினியிலிருந்து மீட்டவர்; தம் நிலத்தை ஈடுகாட்டிச் சங்கத்துக்குப் பணம் புரட்டியவர். அவர்மேல் ஊர் வைத்திருக்கும் அன்பு நியாயமானது. அதை நாமும் மதிக்கிறோம். ஆனால் “பெரியவரிடமா கணக்குக் கேட்பது?” என்ற ஒரு வார்த்தையில் நூல் இருப்புப் புத்தகம் மூடப்படுவதையும் நாம் கண்டிருக்கிறோம். சங்கம் ஒரு குடும்பம் என்று மேடையில் பேசுகிறோம். நாளடைவில் அது ஒரே குடும்பத்தின் சங்கமாகிவிடுகிறது. பெரியவருக்குப் பின் மூத்த மகன், அவருக்குப் பின் மருமகன். மகாசபையில் ஏழை நெசவாளி எழுந்து கேள்வி கேட்டால், நன்றிகெட்டவன் என்று அவனுக்குப் பெயர் வைத்துவிடுகிறார்கள். தவணைக் கடன் வழங்கும் விவசாயச் சங்கங்களிலும் கதை இதுவே. நூலுக்குப் பதில் உரம்.

அனுபவமுள்ள பெரியவர்கள் விலகினால் சங்கம் தடுமாறாதா என்று கேட்பார்கள். தடுமாறலாம். ஆகையால்தான் உடலில் வலுவுள்ளபோதே விலகி, பக்கத்தில் நின்று புதியவரைப் பழக்க வேண்டும் என்கிறோம். காகா விலகிய பின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தார். யூனியனும் இருந்தது, வளர்ந்தது.

பல சங்கங்களில் ஸ்தாபகரின் படத்திறப்புக்குப் பணம் ஒதுக்குகிறார்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டோம். அதே மகாசபையில், படத்துக்கு மாலை போடுமுன், நூல் இருப்பையும் தலைவர் குடும்பத்தார் பெயரிலுள்ள பாக்கிகளையும் காரியதரிசி உரக்கப் படிக்கட்டும். இரண்டு முறை தலைமை வகித்தவர், அடுத்த தேர்தலுக்கு நிற்பாரா மாட்டாரா என்பதை அங்கேயே தம் வாயால் சொல்லட்டும். தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதிக்கொள்ள ஒரு பக்கம் போதும்.