எண்ணிக்கையில் வராத வீடுகள்



2014 ஜூன் 27 விடியற்காலை, ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் கிராமத்தில் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்து இருபது பேருக்கு மேல் கருகிச் செத்தார்கள். உலர்ந்த வாயுவுக்கென்று போட்ட குழாயில் தண்ணீர் கலந்த வாயுவை அனுப்பியதால் குழாய் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போனது என்று விசாரணை சொன்னது. விதி இல்லாமலா செத்தார்கள்?

எண்ணூரிலிருந்து தூத்துக்குடிக்கு இந்தியன் ஆயில் வகுத்த 1,400 கிலோமீட்டருக்கும் மேலான குழாய்த்தடம் நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தையும் தொட்டுப் போகிறது. ஆகவே இந்த விதிகளை நாமும் படித்தாக வேண்டும்.

அமெரிக்க விதி இப்படி: குழாய்க்கு இருபுறமும் 200 மீட்டர், நீளத்தில் ஒரு மைல். அதற்குள் 10 வீடு வரை என்றால் இரும்பின் தாங்குதிறனில் 72 சதம் வரை அழுத்தம் ஏற்றலாம். 46 வீடு வந்துவிட்டால் 50 சதம்தான். அதாவது அதே அழுத்தத்துக்குக் குழாய் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடிமனாக இருக்க வேண்டும். நம்ம ஒழுங்குமுறை வாரியம் 2009இல் போட்ட விதியும் இந்த வீட்டுக் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டது.

அப்போ வீட்டை எண்ணுவது யாரு? எங்கே நின்னு எண்ணுறான்? ஒரே கட்டடத்தில் பல குடும்பம் இருந்தால் ஒவ்வொன்றையும் தனி வீடாக எண்ணச் சொல்கிறது அமெரிக்க விதி. நம்ம காலனியில் தொகுப்பு வீட்டுக்குள்ளே அண்ணன் தம்பி ரெண்டு குடும்பம், பின்னாலே ஓலை இறக்கி இன்னொண்ணு. சர்வேக்காரன் ஊர்த்தெருவிலேயே விசாரித்து ‘காலனி, ஒரு இருபது வீடு’ என்று எழுதிப்போனால் குழாய் மெலிந்துவிடும். எங்கள் கூரம் செப்பேட்டிலும் பல்லவன் ஊரை 25 பங்காக்கி, 20 பங்கை வேதியருக்கு எண்ணி வைத்தான். உழுதவனை எண்ணவில்லை. பழைய பழக்கம்தான்.

இங்கே 1962ஆம் வருஷத்துச் சட்டம் குடியிருக்கும் மனைக்குக் கீழே குழாய் கூடாது என்கிறது. பக்கத்தில் எவ்வளவு தள்ளி என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆட்சேபணை சொல்ல 21 நாள், அதுவும் நிலத்தில் பாத்தியதை உள்ளவனுக்கு மட்டும். சேதத்துக்கு ஈடு, அதோடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதம். அதுவும் அவனுக்கே. 2013இல் மேற்கு மாவட்டங்கள் ஏழிலும் விவசாயிகள் கெயிலை எதிர்த்தார்கள். மாநில அரசே அவர்கள் பக்கம் நின்றும் 2016இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. பட்டா உள்ளவன் கதி அது. அந்த வயலில் கூலிக்கு நிற்கிறவனைச் சட்டத்துக்குத் தெரியவே தெரியாது. 1892இல் வந்த பஞ்சமி நிலம் கையில் இருந்திருந்தால் நாமும் பாத்தியதைக்காரர்கள். அதைக் கேட்டுத்தானே 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் குண்டடிபட்டுச் செத்தார்கள்!

பிரிட்டனில் 1996 விதிப்படி, பெருவிபத்து அபாயமுள்ள குழாய்க்கு உள்ளாட்சியே அவசரத் திட்டம் தயாரிக்க வேண்டும். நம்ம பஞ்சாயத்தில் குழாய் எந்த சர்வே நம்பரில் போகிறது என்றாவது தெரியுமா?

மாணவத் தோழர்கள் லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு கயிறு எடுத்துப் போங்கள். மஞ்சள் எல்லைக்கல் தெரிந்தால் அங்கிருந்து 200 மீட்டர் அளந்து குடும்பம் குடும்பமாக எண்ணுங்கள். கணக்கைக் கிராம சபையில் தீர்மானமாக ஏற்றுங்கள். கம்பெனியின் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டையும் இதழுக்கு அனுப்புங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிடுவோம்.

கூரம்