விழுந்து காட்டியவர்

நகைச்சுவை நடிகர் வாயால் பிழைப்பவர் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஜே.பி. சந்திரபாபு உடம்பாலும் பிழைத்தவர்.

1927இல் தூத்துக்குடியில் பிறந்தார். சுதந்திரப் போராளியான தந்தையாரை வெள்ளையர் அரசு நாடு கடத்தியதால், பிள்ளை வளர்ந்தது கொழும்பில். 1947இல் ‘தன அமராவதி’யில் முகம் காட்டினார். பிறகு வாய்ப்புக்கு அலைந்து மனமுடைந்து, 1952இல் ஜெமினி ஸ்டுடியோவிலேயே விஷம் குடித்துவிட்டார். நல்லவேளை, பிழைத்தார். அவ்வாண்டே ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் வேடம் கிடைத்தது.

‘சபாஷ் மீனா’வைத் (1958) தோட்டத்துத் திடலில், வெள்ளைத் துணியில் பார்த்த பெரியவர்கள் ஜொகூரில் இன்னும் இருப்பீர்கள். நாயகன் என்னவோ சிவாஜிதான். சிரிப்பெல்லாம் இரட்டை வேடம் போட்ட சந்திரபாபுவுக்கு! அவர் விழுந்தால் எலும்பே இல்லாதவர் போலிருக்கும். அது லேசான வேலையா? அடிபடாமலிருக்க உடம்பைத் தளரவிட வேண்டும்; அடிபட்டவன் போல முகத்தைக் காட்ட வேண்டும். இரண்டும் ஒரே நொடியில்! அமெரிக்க நடிகர் பஸ்டர் கீட்டன், 1928இல் வெளிவந்த ஒரு படத்தில் ஒரு வீட்டின் முன்சுவரே தம்மேல் சாயும்படி நின்றார். சன்னல் திறப்பு சரியாக அவர் தலைக்கு நேரே வந்ததால் தப்பினார். இவரும் அந்த சாதிதான்.

திரைக்கு வெளியே விழுந்தபோதுதான் எழ முடியவில்லை. எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ பாதியில் நின்றது, பணமும் போயிற்று. 1966இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தை இயக்கினார். 1974 மார்ச் 8இல் மறைந்தபோது வயது 46.

‘சபாஷ் மீனா’வைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். சிமெண்டுத் தரையில் மட்டும் பழக விடாதீர்கள்!