தேயாத தட்டுகள்

நாடக மேடைப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பா ஒரு சினிமாவிலும் நடிக்கவில்லை. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. 1933 டிசம்பரில், 27 வயதில், அவர் போய்விட்டார். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டிய குரல் என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்ததற்கு இன்று நம்மிடம் உள்ள ஒரே சாட்சி, பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம் ஓடும் அரக்கு இசைத்தட்டுகள்தான்.

கிட்டப்பாவுக்காவது தேடிப் பிடித்துச் சேர்த்துவைக்க ரசிகர்கள் இருந்தார்கள். அவர் காலத்தில் ஸ்பெஷல் நாடகங்களில் நாரதராகவும் வள்ளியாகவும் விடிய விடியப் பாடி, நாலைந்து பிளேட்டும் கொடுத்துவிட்டு, பேர் தெரியாமல் போனவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? எனக்கு அவர்கள் ஞாபகமாகவே இருக்கிறது. 1930களில் தட்டு வியாபாரம் அப்படி ஓடியது. ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரே படத்தயாரிப்புக்கு வருமுன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்து இசைத்தட்டு விற்றவர்தான். மதுர பாஸ்கரதாஸ் எழுதி கே.பி.சுந்தராம்பாள் பாடிய காந்திப் பாட்டு தட்டில் ஏறித்தான் ஊர் ஊராகப் போனது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் மரச்சாமான், பீங்கான் ஜாடிகளுக்கு நடுவே இன்னும் இந்தத் தட்டுகள் கிடக்கின்றன. அங்கே வாங்கிய ஒன்று என் மேஜைமேல் இருக்கிறது. லேபிளில் பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. ராகத்தின் பெயர் இருக்கிறது, ஆர்மோனியம் என்ற சொல் இருக்கிறது, பாடியவர் பெயரில் ‘அம்மாள்’ மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆனால் சத்தம்! நேற்றுப் பதிவு செய்ததுபோல் அவ்வளவு துல்லியம். அந்த அம்மாள் பல்லவியை எடுக்குமுன் மூச்சை இழுப்பதுகூடக் கேட்கிறது. நடுவில் பக்கவாத்தியக்காரர் யாரோ தன்னை மறந்து ‘சபாஷ்’ என்கிறார்.

இந்தத் துல்லியத்துக்குக் காரணம் எளிதுதான். கிராமபோனின் இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். காசு மிச்சம் பிடிக்க, மழுங்கிய ஊசியையே திரும்பத் திரும்பப் போட்டால் அது வரிப்பள்ளத்தைச் செதுக்கித் தள்ளும். எல்லாரும் விரும்பிக் கேட்ட தட்டுகள் அப்படித்தான் நரைத்துப் போயின. கிட்டப்பாவின் பல தட்டுகளில் இரைச்சலுக்குள்ளிருந்துதான் குரலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. யாரும் சீண்டாத தட்டு தேயவில்லை. அந்தக் கால நாடக மேடை எப்படி ஒலித்தது என்று நம் காதால் கேட்க வேண்டுமானால், மறக்கப்பட்டவர்களிடம்தான் போக வேண்டும்.

கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 78 சுற்று என்பது பேச்சுக்குத்தான். பழைய தட்டுகளில் இரண்டு மூன்று சுற்று கூடவோ குறையவோ பதிந்ததெல்லாம் உண்டு. நிமிடத்துக்கு நாலைந்து சுற்று மாறினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், அல்லது இறங்கிவிடும். உச்சஸ்தாயியில் நின்றதற்காகவே கொண்டாடப்பட்ட பாடகர்களுக்கு இது சின்ன விஷயமா? இங்கே ஆர்மோனியம் கைகொடுக்கிறது. அதன் கட்டைகள் இடம் மாறாதவை. ஆர்மோனியம் இரண்டு கட்டைக்கு நடுவில் விழுந்தால், தட்டு சுற்றும் வேகத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

இணையத்தில் ஏற்றுகிறவர்களில் பலர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. மென்பொருளில் போட்டு இரைச்சலைத் துடைக்கிறார்கள், கூடவே அந்த மூச்சும் போய்விடுகிறது. ‘சபாஷை’ வெட்டுகிறார்கள். ‘பழைய நாடகப் பாடல்’ என்று தலைப்பிட்டு விட்டுவிடுகிறார்கள். பாட்டைக் கண்டெடுத்துப் பாடினவளைத் தொலைப்பது எனக்குத் தாங்கவில்லை. 1902இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் தன் பெயரைச் சொல்லியே தட்டை முடித்தார். வெளிநாட்டில் தட்டு அச்சிடுகிறவர்களுக்கு அது அடையாளம். அந்த வழக்கம் நீடித்திருந்தால் என் அம்மாளும் தன் பெயரைச் சொல்லியிருப்பார்.

இப்போது அவரைத் தேட என்னிடம் இருப்பது, லேபிளுக்கும் கடைசி வரிக்கும் இடையில் பொறித்திருக்கும் எண்தான். கம்பெனிப் பட்டியல் ஒன்றில் அந்த எண் அகப்பட்டால் பெயரும் அகப்படும். மும்பையின் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு ஓடியன், யங் இந்தியா தட்டுகளை இப்படித்தான் எண்ணும் லேபிளுமாகப் பதிவுசெய்து வைத்தது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. முதல் அடியைக் கொண்டு அங்கேயும் தேடிப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் தட்டுப் பெட்டி இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். ஊசி படுமுன் இரண்டு பக்க லேபிளையும், அந்த எண்ணையும் போட்டோ எடுத்துவிடுங்கள். தூசியை மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ஸ்பிரிட் மட்டும் வேண்டாம், அரக்கு அதில் கரைந்துவிடும்.