அன்னையிடம் யார் சொல்வது?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

திரைப்படம் பார்த்துத்தான் பிள்ளைகள் கெடுகின்றன என்கின்றனர் பெற்றோர். வாழ்வில் உள்ளதைத்தானே காட்டுகிறோம் என்கின்றனர் படம் எடுப்போர். இரண்டு கூற்றையும் நான் ஒப்பவில்லை. நம் படங்கள் காதலைக் காட்டுகின்றன; குடும்பத்தையும் காட்டுகின்றன; அவை இரண்டும் உட்கார்ந்து பேசிக்கொள்வதை மட்டும் காட்டுவதில்லை. என் குறையெல்லாம் இதுதான்.

காதல் என்று வாய் திறந்தாலே, 'நம் பண்பாடு என்னாவது?' என்று கேட்போர் உளர். எந்தப் பண்பாடு? தொல்காப்பியம் களவியலை முன்னும் கற்பியலைப் பின்னும் அன்றோ வைத்தது! நம் மாவட்டத்துத் திருக்கோவலூரில், தென்பெண்ணை நடுவே நிற்கும் குன்றைக் கபிலர் குன்று என்றே இன்றும் அழைக்கிறோம். அக்கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் கதை என்ன? தலைவி மெலிகிறாள். காரணம் அறியாத செவிலித்தாய் கலங்குகிறாள். தினைப்புனம் காக்கச் சென்றது, யானை வந்தது, அவன் காத்தது என்று தோழி ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறாள். இதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். 99 பூக்களின் பெயரை வியந்து பேசும் நாம் (தேர்வுக்காகத்தான்!), பாட்டு முழுவதுமே தாயிடம் பேசிய பேச்சு என்பதை மறந்துவிடுகிறோம்.

திரையிலோ தோழி நகைச்சுவைக்கு, தாய் கண்ணீருக்கு, தந்தை அரிவாளுக்கு! 'அலைகள் ஓய்வதில்லை' (1981) படத்தில் பூணூலையும் சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டு இருவரும் ஓடுகின்றனர். நமக்கும் கைதட்டத் தோன்றுகிறது. மறுநாள் எங்கே சோறு உண்டார்கள்? அந்த மறுநாளைக் காட்டிய படம் 'காதல்' (2004). அதனால்தான் அது நெஞ்சை அறுக்கிறது. 'பரியேறும் பெருமாள்' (2018) இன்னும் ஒரு படி மேலே சென்றது. இறுதியில் பெண்ணின் தந்தையும் அவனும் பேசுகின்றனர். இரண்டு தேநீர்க் குவளைகள், நடுவே ஒரு பூ. ஆயினும் அவனுக்குத் தன் வீட்டார் இழைத்த கொடுமை அப்பெண்ணுக்குக் கடைசிவரை தெரியாது. அவளிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லையே!

ஜப்பானிய இயக்குநர் ஓசு 1949இல் 'பன்ஷுன்' என்றொரு படம் எடுத்தார். இளவேனிலின் பிற்பகுதி என்பது பொருள். மனைவியை இழந்த பேராசிரியர்; அவரை விட்டுப் பிரிய மனமில்லாத மகள். அவள் மணம் புரியட்டும் என்று, தாமே மறுமணம் செய்யப்போவதாகப் பொய் சொல்கிறார் தந்தை. மகள் மணக்கிறாள். வியப்பு என்னவென்றால், மணமகனின் முகத்தைப் படம் ஓரிடத்திலும் காட்டவில்லை! வெறும் வீட்டில் தந்தை தனியே ஆப்பிளின் தோலைச் சீவுகிறார். சண்டையில்லை, சவாலில்லை, என் கண் நனைந்தது.

நான் கல்வராயன் மலையைச் சேர்ந்தவள். மாப்பிள்ளை வீட்டார் பரிசம் கொடுத்துப் பெண் எடுப்பது எங்கள் மலையாளி மக்களின் பழைய வழக்கம். இப்போது கீழ்நாட்டு வரதட்சணைப் பேச்சும் பேருந்தோடு மேலேறி வருகிறது. பண்பாடு போயிற்றே என்று இதற்காக அழுத படம் எதையும் நான் கண்டதில்லை. திரையில் மலைப்பெண் என்றால் தோள் தெரியத் துணி சுற்றி ஆட வேண்டும். என் பாட்டி பார்த்தால் சிரித்துவிடுவாள்.

முதலாண்டில் என்னோடு பயின்ற தோழியர் இருவர் இன்று வகுப்பில் இல்லை. ஒருத்தி காதலித்தாள் என்பதற்காக. மற்றொருத்தி காதலித்துவிடுவாளோ என்பதற்காக. அந்த இரண்டு வீட்டிலும் அறத்தொடு நிற்க ஒரு தோழி இல்லாமற் போனாள். நாங்கள்தாமே அத்தோழியர்? எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். 'பத்திரமாப் போயிட்டு வா' என்று அம்மா சொல்லும்போது அவர் அஞ்சுவது மலைப்பாதை வளைவுகளையன்று. தாம் பார்த்த படங்களை.

முத்தமிழ் மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு விழாவில் 'பன்ஷுன்' படத்தைத் திரையிடுங்கள். வசனத்தைத் தமிழில் சொல்ல நாங்கள் சிலர் ஆயத்தம். அன்று எங்கள் தாய்மாரையும் அழையுங்கள். கச்சிராயபாளையம் வழி வெள்ளிமலை செல்லும் கடைசிப் பேருந்துக்கு முன் படம் முடிந்தால் போதும்.