டிவி விழுந்தால் அம்மாவைத் திட்டாதீர்கள், சுவரைப் பாருங்கள்

1/ புது டிவி வாங்கி சுவத்துல மாட்டப் போற எல்லாருக்கும் இந்த இழை. கொஞ்சம் நீளம்தான். வீட்டில் தவழுற, நடக்கிற குழந்தை இருந்தா கடைசி வரை படிச்சிடுங்க. கோபமாத்தான் எழுதுகிறேன். காரணம் இருக்கு.

2/ டிவி மேலே விழுந்து அடிபட்ட குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தா, கூட வர்ற சொந்தபந்தம் கேட்கும் முதல் கேள்வி: "பெத்தவ என்ன பண்ணிட்டிருந்தா?" மாமியார் கேட்பார், நாத்தனார் கேட்பார், பக்கத்து பெட்டில் இருப்பவரும் கேட்பார். டிவியை எந்தச் சுவரில், எந்த ஸ்க்ரூவில் மாட்டினாங்கன்னு ஒருத்தரும் கேட்பதில்லை.

3/ சரி, கணக்குப் போடுவோம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட அரை நொடிகூட ஆகாது. அடுப்படியில் சோறு வடிச்சிட்டிருக்கிற அம்மா அரை நொடியில் ஹாலுக்கு வர முடியுமா? அதே ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற அப்பாவாலும் முடியாது. குழந்தை மேல் கண் இருக்கணும், சரி. ஆனா விழுற டிவியைக் கண் தாங்காது, போல்ட்தான் தாங்கும்.

4/ குழந்தையின் தலை, உடம்போடு ஒப்பிட்டால் பெரிசு. மண்டை ஓடு மெல்லிசு. கழுத்துக்கு வலு கிடையாது. 55 இன்ச் டிவி சுமார் 15 கிலோ இருக்கும். 2 வயசுக் குழந்தையின் மொத்த எடையே 11, 12 கிலோதான். தன்னைவிட கனமான ஒரு பொருளைத் தலையில் வாங்குது அந்தப் பிள்ளை.

5/ "இப்ப வர்ற டிவி எல்லாம் ஒல்லிதானே டாக்டர்?" ஒல்லி என்பதுதான் பிரச்சினையே. 2006 தேர்தல் வாக்குறுதிப்படி கலைஞர் ஆட்சியில் வீடு வீடாக் கொடுத்த 14 இன்ச் பெட்டி டிவி ஞாபகம் இருக்கா? அதில் கனமெல்லாம் முன்பக்கக் கண்ணாடியில். ஆனாலும் உட்கார அகலமான அடிப்பாகம் இருந்தது. இன்றைய டிவிக்கு இரண்டு ஓரத்திலும் இரண்டு மெல்லிய கால். மேல் விளிம்பைப் பிடிச்சு இழுத்தால் சாய்ஞ்சிடும்.

6/ 2013-ல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 1990 முதல் 2011 வரை டிவியால் காயப்பட்டு அவசர சிகிச்சைக்கு வந்த 18 வயதுக்குட்பட்டவர்கள் சுமார் 3.8 லட்சம் பேர். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் 5 வயதுகூட ஆகாதவர்கள். பாதிக்கு மேல், டிவி சாய்ந்து விழுந்ததால் வந்த காயம்.

7/ "அது அமெரிக்கா. நம்ம ஊர்ல எங்க நடக்குது?" அங்கே எந்தப் பொருளால் காயம் என்று ஆஸ்பத்திரிகளிலிருந்து கணக்கு எடுக்கிறாங்க. இங்கே நோட்டில் "தலையில் அடி" என்ற ஒரு வரியோட கதை முடிஞ்சிடும். எண்ணாததால் நடக்கலைன்னு ஆகாது.

8/ இப்ப சுவருக்கு வருவோம். நான் இருப்பது மன்னார்குடி. களிமண் பூமி. ஐப்பசி, கார்த்திகை வந்தா சுவர் முழுக்க ஓதம் ஏறும். பெரிய கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய ஓட்டு வீடுகள் இன்னும் இருக்கு. கிராமங்களில் மண் சாந்து வைத்த சுவர்களும் உண்டு. 2018 நவம்பர் 16 கஜா புயலில் ஓடு பறந்து, மழையில் ஊறிய சுவர்கள் எத்தனை!

9/ இந்தச் சுவர்களில் காரையைத் தட்டினாலே பொலபொலன்னு கொட்டும். அதே சுவரில், புது வீட்டுச் சிமெண்ட் சுவருக்குக் கொடுக்கிற அதே நாலு ஸ்க்ரூ, அதே பிளாஸ்டிக் பிளக்கைப் போட்டு மாட்டிட்டுப் போறாங்க. முதல் ஆறு மாசம் நிக்கும். மழைக்காலத்தில் சாந்து இளகும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும்.

10/ டிரில் போடும்போது பக்கத்தில் நின்று தூளைப் பாருங்க. முதல்ல வர்றது பூச்சுத் தூள், சாம்பல் அல்லது வெள்ளை. அப்புறம் சிவப்பா வந்தால் செங்கல். சிவப்பு வரவே இல்லைன்னா, அல்லது டிரில் திடீர்னு பொசுக்குன்னு உள்ளே போனா, நிறுத்தச் சொல்லுங்க. அது செங்கல் இடுக்கு, இல்லைன்னா வெற்றிடம். பூச்சைத் தாண்டி செங்கலுக்குள் குறைந்தது 2 அங்குலம் போகணும். (சாம்பல் செங்கல் வீடுன்னா நிறத்தை நம்பாதீங்க. டிரில் எவ்வளவு முரண்டு பிடிக்குதுன்னு பாருங்க.)

11/ ஹாலோ பிளாக் சுவரா? உள்ளே காலி. சாதாரண ஆங்கர் போல்ட்டை முறுக்கினால் ஓடு உடைஞ்சிடும். வெள்ளையா, லேசா இருக்கிற ஏஏசி கல்லா? அதற்குத் தனி பிளக் இருக்கு. மண் சாந்துச் சுவரா? பெரிய டிவியை அதில் தொங்கவிடாதீங்க. மாட்டியே ஆகணும்னா, சுவர் திடமா இருக்கான்னு நல்ல கொத்தனாரிடம் காட்டிட்டு, மறுபக்கம் வரை போல்ட் ஊடுருவி, அங்கே இரும்புத் தகடு வைத்து முடுக்கணும்.

12/ இழுத்துத் திருப்புற கை வைத்த ஸ்டாண்ட் இப்ப ஃபேஷன். 20 கிலோ டிவியைச் சுவரிலிருந்து 50 செ.மீ. வெளியே இழுத்தால், மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 20 செ.மீ. இடைவெளின்னா, மேல் போல்ட்டைப் பிடுங்குற விசை 50 கிலோ. அதில் ஒரு பிள்ளை தொங்கினால்? பழைய சுவருக்கு இது வேண்டவே வேண்டாம். சுவரோடு ஒட்டி நிற்கிற பிராக்கெட் போதும்.

13/ இன்னொரு ஆபத்து கரண்ட். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே, பக்கவாட்டில் ஒயர் சுவருக்குள்ளேயே ஓடும். அந்தக் கோட்டில் ஓட்டை போடாதீங்க. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லைன்னா, டிவிக்கு முன்னாடி அதை மாட்டுங்க.

14/ இப்ப கடைக்காரர்களுக்கு. தீபாவளி ஆஃபர்னு போர்டு வைக்கிறீங்க, "இன்ஸ்டாலேஷன் இலவசம்"னு கொட்டை எழுத்தில் போடறீங்க. "உங்க வீட்டுச் சுவர் என்ன சுவர்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்க என்ன செலவு? பில்லில் அதற்கு ஒரு கட்டம் போடுங்க. சுவருக்கு ஏத்த போல்ட்டைக் கொடுத்து அனுப்புங்க.

15/ மாட்ட வர்ற தம்பியை நான் குறை சொல்லலை. வீட்டுக்கு இவ்வளவுன்னு கூலி, ஒரு நாளைக்கு எத்தனையோ வீடு. "இந்தச் சுவர் தாங்காது"ன்னு அவர் சொன்னா, "போன வீட்டுல மாட்டினீங்கல்ல"ன்னு நாமதான் சண்டைக்குப் போறோம். தாங்காதுன்னு சொல்ற ஆளுக்கு டீ வாங்கிக் கொடுங்க.

16/ அடுத்து வீட்டு ஓனர்கள். "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது" என்பது வாடகை வீட்டின் முதல் சட்டம். விளைவு? டிவி பிளாஸ்டிக் ஸ்டூல் மேல நிக்குது, பீரோ மேல நிக்குது. உங்க பெயிண்ட் தப்பிச்சது, குடியிருக்கிறவங்க பிள்ளை தப்பிக்கலை. நாலு ஓட்டையை அடைக்க ஒரு கை பட்டி போதும். வேணும்னா அதை அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க.

17/ மாட்டவே முடியாதவங்க என்ன செய்யணும்? உயரம் குறைந்த, அகலமான, கனமான மர மேசை. டிவியை அதன் பின் விளிம்புக்குத் தள்ளுங்க. டிவி முதுகில் இருக்கிற துளைகளில் அளவான போல்ட் போட்டு, நைலான் பட்டையால் மேசையோடு இறுக்கிக் கட்டுங்க. ரிமோட், பொம்மை, சாக்லேட் எதையும் டிவி மேல வைக்காதீங்க. குழந்தை ஏறுறது அதுக்காகத்தான். மேசையில் இழுப்பறை இருந்தா பூட்டுங்க, அது ஏணி.

18/ அதையும் மீறி விழுந்துட்டா? உடனே 108. குழந்தையைக் குலுக்காதீங்க, கழுத்தை அசைக்காதீங்க. ரத்தம் வந்தா சுத்தமான துணியால் அழுத்துங்க, காப்பித்தூள் வேண்டாம். சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதீங்க.

19/ திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு, காது மூக்கில் ரத்தமோ தண்ணி போலவோ கசிவு, ஒரு கண்மணி பெரிசு ஒன்று சின்னது: இதில் எது இருந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதம் கூடாது. வயிறு, நெஞ்சு நசுங்கியிருந்தா வெளியே காயமே தெரியாமல் உள்ளே ரத்தம் போகலாம்.

20/ "அழுதுச்சு, அப்புறம் விளையாட ஆரம்பிச்சுடுச்சு"ன்னு விட்டுடாதீங்க. மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் சேரும்போது, சில மணி நேரம் குழந்தை நல்லாத்தான் இருக்கும். அப்புறம் திடீர்னு சரியும். டிவி தலையில் விழுந்த குழந்தையை, நல்லா இருந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆகணும்.

21/ படிச்சு முடிச்சதும் ஒரு வேலை. டிவியை ஒருத்தர் பிடிச்சுக்க, இன்னொருத்தர் பின்னாடி பிராக்கெட்டை அசைச்சுப் பாருங்க. ஆடினாலோ, தூள் கொட்டினாலோ இன்றைக்கே இறக்கி வைங்க. நாளைக்கு மேட்ச் இருந்தாலும் சரி.

22/ அடுத்த தடவை "பெத்தவ என்ன பண்ணிட்டிருந்தா?"ன்னு யாராவது ஆரம்பிச்சா, திருப்பிக் கேளுங்க: "கடை ஏன் சுவரைப் பத்தி கேட்கலை? ஓனர் ஏன் ஓட்டை போட விடலை? அப்பா ஏன் அந்த ஸ்க்ரூவை இழுத்துப் பார்க்கலை?" அரை நொடியில் அந்த அம்மாவால் செய்ய முடியாததை, அரை மணி நேரத்தில் செய்திருக்கக்கூடியவர்கள் இத்தனை பேர் இருக்காங்க.

(முடிந்தது. வாடகைக்கு வீடு விடுறவங்களுக்கும் கடை வைத்திருக்கிறவங்களுக்கும் அனுப்புங்க.)