சட்டமும் நாமும்: காசு கைமாறுவதற்கு முன்



வீடு வாங்குவது எமது குடும்பங்களில் பெரும்பாலும் ஆயுளில் ஒரு தடவை நடக்கும் காரியம். அதற்குரிய காசில் பெண்களின் பங்கு பெரிது. வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்தும், சீட்டுக் கட்டியும், நகையை அடகு வைத்தும் சேர்த்த காசு அது. ஆயினும் விலை பேசுவதும் நொத்தாரிசிடம் போவதும் ஆண்களின் வேலை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். பலர் உறுதியை முதன்முதலாகப் பார்ப்பது கையொப்பமிடும் நாளில்தான். கேள்வி கேட்க வேண்டிய நேரம் அதற்கு முந்தியது. பெண்கள் சங்கக் கூட்டங்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறேன்.

1. விலை பேசி, வெள்ளைத்தாளில் எழுதி, முற்பணமும் கொடுத்துவிட்டேன். இனி வீடு எனக்குத்தானே?

இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு ஒருவரும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க அது கையொப்பமிடப்பட வேண்டும். பின்னர் விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் இதே விதிதான். வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டிக் கையொப்பம் வாங்கியிருந்தாலும், அதைக் காட்டிக் காணியை எழுதித் தரும்படி வற்புறுத்த முடியாது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம். அதற்கும் சில வேளை வழக்குப் பேச நேரிடும்.

எனக்குத் தெரிந்த சகோதரி ஒருவர், குவைத்தில் ஏழு வருடம் உழைத்த காசில் ஐந்து இலட்சம் ரூபாயை இவ்வாறு கொடுத்தார். விற்க வந்தவருக்கு அக்காணியில் மூன்றில் ஒரு பங்கு மாத்திரமே உரித்து என்பது பிறகுதான் தெரிந்தது. மற்றப் பங்காளிகள் கையொப்பமிட மறுத்துவிட்டார்கள். காசில் பாதியைக்கூட அவர் இன்னும் மீட்கவில்லை. முற்பணம் கொடுப்பதாயின் நொத்தாரிசு எழுதும் விற்பனை உடன்படிக்கையின் பேரில் கொடுங்கள். அதைப் பதிவும் செய்விக்க வேண்டும்.

2. விற்பவரின் கையில் மூல உறுதி இருக்கிறது. அது போதாதா?

போதாது. கையில் உறுதியை வைத்துக்கொண்டே காணியை ஏற்கெனவே விற்றிருக்கலாம், ஈடு வைத்திருக்கலாம், வழக்கும் இருக்கலாம். இவற்றை அறியக் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்ய வேண்டும். சட்டத்தரணிகள் வழமையாக முப்பது வருடம் பின்னோக்கிப் பார்ப்பார்கள். உறுதி எழுதுமுன் நொத்தாரிசு பதிவேட்டைத் தேட வேண்டும் என்பது விதி. “தேடுதல் வேண்டாம்” என்று வாங்குபவரும் விற்பவரும் எழுதிக் கையொப்பமிட்டால் அவர் அதை விட்டுவிடலாம். அவசரத்தில் அப்படி ஒரு வரியில் கையொப்பமிடாதீர்கள்.

உறுதியில் யாருக்காவது சீவிய உரித்து ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். நில அளவைப் படத்துடன் நேரில் போய் எல்லை, பாதை, கிணற்றுப் பங்கு ஆகியவற்றைப் பாருங்கள். வீட்டில் வேறு யாராவது குடியிருந்தால், எந்த உரிமையில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பத்து வருடத்துக்கு மேல் உரிமையாளருக்கு எதிராகத் தடையின்றி ஆண்டு வந்தவர், ஆட்சியுரிமை கோரி வழக்குப் பேச இடமுண்டு.

அரசு வழங்கிய அனுமதிப்பத்திரம் உறுதியல்ல. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியாயின், முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

3. உரிமையாளர் வெளிநாட்டில். அற்றோனித் தத்துவம் வைத்திருப்பவர் விற்கலாமா?

விற்கும் அதிகாரம் அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் விற்கலாம். அதைக் கொடுத்தவர் உயிருடன் இருக்க வேண்டும். இறந்தால் அத்தத்துவமும் முடிந்துவிடும். அது பதிவு செய்யப்பட்டதா, இரத்துச் செய்யப்பட்டதா என்று நொத்தாரிசு மூலம் பாருங்கள். முடிந்தால் உரிமையாளரோடு காணொளி அழைப்பில் நீங்களே பேசுங்கள்.

4. தேசவழமைக் காணி வாங்கும்போது வேறென்ன பார்க்க வேண்டும்?

1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணியின் பங்காளிகளுக்கும் விற்பவரின் உரித்தாளர்களுக்கும் மற்றவர்களுக்கு முந்தி வாங்கும் உரிமையைத் தருகிறது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். முன்னைய உறுதிகளில் திருமணமான பெண் ஒருவர் விற்றிருந்தால், 1911ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

5. முத்திரைத் தீர்வையைக் குறைக்க உறுதியில் குறைந்த விலை போடலாமா?

தரகர்கள் சொல்லும் யோசனை இது. முதல் ஒரு இலட்சம் ரூபாய்க்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் தீர்வை. நாற்பது இலட்சம் ரூபாய் பெறுமதியான வீட்டுக்கு 159,000 ரூபாய் வரும். தொகை பெரிதுதான். ஆனால் தீர்வை காணியின் பெறுமதியைப் பார்த்தே அறவிடப்படுகிறது. விலையைக் குறைத்துப் போட்டால் மிகுதியைப் பின்னர் கட்டச் சொல்வார்கள். நாளை பிணக்கு வந்தால், நீங்கள் கொடுத்ததாக உறுதி சொல்லும் தொகை அந்தக் குறைந்த தொகைதான்.

6. உறுதி எழுதியாயிற்று. பதிவு பிந்தினால் என்ன?

அதே காணியை விற்றவர் வேறொருவருக்கும் எழுதி, அவரது உறுதி முதலில் பதிவானால், அவருக்கு முன்னுரிமை கிடைக்கக்கூடும். 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் அவ்வாறு சொல்கிறது. ஆகவே பதிவான விபரத்தை நொத்தாரிசிடம் கேட்டு வாங்குங்கள். பதிவு செய்தால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். விற்பவருக்கே உரித்து இல்லாவிட்டால் பதிவு அதை உண்டாக்காது.

7. உறுதி யார் பெயரில் இருக்க வேண்டும்?

இக்கேள்வியை என்னிடம் கேட்பவர்கள் குறைவு. காசு அனுப்பியவர் மனைவியாக இருப்பார். உறுதி கணவர், தம்பி அல்லது மாமனார் பெயரில் இருக்கும். கடனை அடைத்தது யார் என்று உறுதியில் எழுதியிருக்காது. பிற்காலத்தில் பிரிவோ மரணமோ நேரும்போது, உங்கள் பங்கை நிரூபிக்க நீங்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டும். இருவர் காசு என்றால் இருவர் பெயரும், யாருக்கு எத்தனை பங்கு என்பதும் உறுதியில் இருக்கட்டும். இது குடும்பத்தை நம்பாத பேச்சல்ல. காசு கொடுக்குமுன் வீட்டில் வெளிப்படையாகப் பேசித் தீர்க்க வேண்டிய விடயம்.

கடைசியாக ஒன்று. நொத்தாரிசைத் தரகரோ விற்பவரோ காட்ட வேண்டாம். நீங்களே தெரிவு செய்யுங்கள். உங்களுக்கு விளங்கும் மொழியில் உறுதியை வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், எல்லைகள், தொகை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். வசதி குறைந்தவர்கள் அருகிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் ஆலோசனை பெறலாம். போகும்போது உறுதிப் பிரதி, நில அளவைப் படம், கொடுத்த காசின் பற்றுச்சீட்டு ஆகியவற்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.