தும்பை விதை சிந்தும்வரை பொறுங்கள்



உழவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கோயிலுக்குப் பூக்கட்டுகிறவர்கள் என ஒன்றுகூடிய நாங்கள், தும்பைச் செடிக்காகக் காரைக்கால் மாவட்டத்து மக்களான உங்கள் முன் வந்திருக்கிறோம். முன்பெல்லாம் சிவராத்திரிக்கு முதல்நாள் பிள்ளைகள் வரப்பில் இறங்கிக் கைநிறையத் தும்பை பறித்து வருவார்கள். இன்று அதே பூவைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

தும்பைக்கு ஆயுள் ஓராண்டுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்து, மார்கழி, தையில் பூத்துக் குலுங்கி, வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். வெட்டிய வேம்பு துளிர்ப்பதுபோல அது துளிர்க்காது. கோரையைப்போல மண்ணுக்குள் கிழங்கும் வைத்துக்கொள்வதில்லை. பூவுக்கு நான்கு விதை, அவ்வளவுதான் அதன் சேமிப்பு. பூ உதிர்ந்த பிறகும் அந்த விதைகள் அதன் அடியிலிருந்த பச்சைக் கிண்ணத்துக்குள்ளேயே இருக்கும். கிண்ணம் காய்ந்து, செடி காற்றில் ஆடும்போதுதான் மண்ணில் சிந்தும். அதற்கு முன்பே களைக்கொல்லி அடித்தால் அடுத்த ஆண்டுக்கான செடியும் சேர்ந்து செத்துப்போகிறது. மேலாகக் கருக்கும் களைக்கொல்லிக்குக் கோரை அஞ்சுவதில்லை. சில நாளில் கிழங்கிலிருந்து மறுபடி எழுந்துவிடுகிறது. எதை ஒழிக்க நினைத்தோமோ அது நிற்கிறது, இருக்கவேண்டியது போய்விடுகிறது.

நம்முடையது காவிரியின் கடைமடை. தும்பைக்கு நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத மேட்டு மண்ணும் வேண்டும். சம்பாவும் தாளடியும் நிற்கிற வயலில் அதற்கு இடமேது? வரப்பு, வாய்க்கால் கரை, திடல், கொல்லை, இவைதான் அதன் வீடு. கரைக்குக் காரை பூசியாயிற்று, திடலில் சீமைக் கருவேலம் நிழல் கட்டிவிட்டது. மிச்சமிருக்கும் அந்த ஒரு முழ வரப்பிலும் கைத்தெளிப்பான் இறங்குகிறது.

தை மாதக் காலையில் ஒரு செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கணுவுக்குக் கணு பச்சை உருண்டை, அதைச் சுற்றி வெள்ளைப் பூக்கள். தேனீ கீழிதழில் இறங்கித் தலையை உள்ளே நுழைக்கிறது. மேலிதழுக்கு அடியில் இருக்கும் மகரந்தம் அதன் தலையிலும் முதுகிலும் ஒட்டிக்கொள்கிறது. கொல்லையில் பூசணியும் பாகலும் காய்க்க இதே தேனீக்கள்தானே வரவேண்டும்? பூவை உருவி அடியை உறிஞ்சித் தேன் குடித்த நாக்கு நம்மில் பலருக்கும் உண்டு. நம் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த ருசி தெரியவேண்டும்.

நேருக்கு நேர் நின்று போரிட்ட வீரன் சூடிய பூ என்று தொல்காப்பியம் தும்பைக்குத் தனித்திணையே வகுத்திருக்கிறது. சிவனுக்கு உகந்த பூ என்று இன்றும் சிவராத்திரிக்குத் தேடுகிறோம். திருநள்ளாற்றில் தலவிருட்சம் மரமல்ல, தர்ப்பைப் புல். புல்லைத் தெய்வமாகக் கும்பிடும் மண்ணில் தும்பையைக் களை என்று ஒதுக்குவது எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

ஆட்பற்றாக்குறையால்தான் உழவர்கள் மருந்துக்குப் போகிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். எங்களில் பாதிப்பேர் உழவர்கள்தான். ஆனாலும் பயிருக்குள் அடிப்பது வேறு, நடைவரப்பில் அடிப்பது வேறு. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளிப்பதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களோடு நிறுத்தி 2022 அக்டோபரில் மத்திய அரசே அறிவிக்கை வெளியிட்டது. அந்த மருந்து ஆடுமாடு மேயும் வரப்புக்கு எதற்கு?

நாங்கள் கேட்பது கொஞ்சம்தான். கார்த்திகை முதல் மாசி முடிய வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் களைக்கொல்லி அடிக்காதீர்கள். பங்குனியில் தும்பை காய்ந்து விதை சிந்திய பிறகு, அரிவாளாலோ மண்வெட்டியாலோ அண்டை வெட்டுங்கள். கீறிவிட்ட மண்ணில் அது இன்னும் நன்றாக முளைக்கும். பூசைக்குப் பறிப்பவர்கள் செடியோடு பிடுங்காமல் பூவை மட்டும் எடுங்கள். கொம்யூன் பஞ்சாயத்துகளும் நகராட்சியும் கரைகளைச் சுத்தம் செய்யும் வேலையைப் பங்குனிக்குத் தள்ளிவைக்க வேண்டுகிறோம். பள்ளிகள் தோட்டத்தின் ஓரத்தில் பத்தடி நிலம் ஒதுக்கட்டும். கொல்லையில் தும்பை உள்ளவர்கள் காய்ந்த செடியை எரிக்காமல், இல்லாத வீட்டாருக்கு ஒரு பிடி கொடுங்கள். வெயில் படும் மேட்டில் அதை உதறிவிட்டால் போதும், மழை வந்ததும் முளைத்துக்கொள்ளும்.